காலண்டரை எதற்காக மாட்டுகிறார்கள்?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் 14 வருடமாகச் சொட்டுநீர்ப் பாசனக் கடை நடத்துகிறேன். தொழிலில் இருப்பவர் ஒரு புத்தகம் போட்டால் மதிப்பு கூடும், வியாபாரமும் பெருகும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். தையில் ஆரம்பித்தேன். பங்குனிக்குள் 40 பக்கம் மளமளவென்று வந்துவிட்டது. இப்போது கார்த்திகை, அதற்குமேல் ஒரு வரி நகரவில்லை. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். தன்னம்பிக்கைப் பேச்சுகள் கேட்டேன். கேட்கும்போது ஏறுகிற சூடு பேனாவை எடுத்ததும் இறங்கிவிடுகிறது. உற்சாகம் குறையாமல் எழுதி முடிக்க வழி சொல்லுங்கள். காசு கொடுத்து ஆள் வைத்து எழுதலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: கடிதத்தோடு அந்த 40 பக்கத்தையும் அனுப்பியிருந்தீர்கள், படித்தேன். முதல் அத்தியாயம் நீங்கள் பிறந்த கதை. இரண்டாவது, கடை திறப்பு விழாவுக்கு யார் யார் வந்தார்கள் என்பது. மூன்றாவதில் டீலர் கூட்டத்தில் வாங்கிய ஷீல்டு, போட்டோவோடு. நாலாவது அத்தியாயம் ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்கிறீர்கள். சரக்கு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். உங்கள் உற்சாகத்தின் மேல் பழி போடாதீர்கள், அது பாவம், 40 பக்கம் வரைக்கும் இழுத்து வந்திருக்கிறது.

வருடா வருடம் உங்கள் கடையில் தினசரி காலண்டர் கொடுப்பீர்கள்தானே? சிவகாசியில் அடித்து, மேலே முருகர் படம், கீழே கடைப் பெயர், போன் நம்பர். வாங்கிப் போகிறவர் அதை உங்கள் பெயருக்காகவா ஆணியில் மாட்டுகிறார்? நல்ல நேரம் பார்க்க, ராகு காலம் பார்க்க, பால் கணக்குக் குறிக்க. அந்தச் சாக்கில் உங்கள் பெயர் வருடம் முழுக்க அவர் வீட்டுச் சுவரில் இருந்துவிடுகிறது. தேதித் தாளைக் கிழித்து எறிந்துவிட்டுக் கடைப் பெயரை மட்டும் கொடுத்தால் எத்தனை பேர் மாட்டுவார்கள்? நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது அந்தக் காலண்டரைத்தான்.

1900இல் பிரான்சில் மிஷெலின் என்ற டயர் கம்பெனியை நடத்திய அண்ணன் தம்பி ஒரு புத்தகம் போட்டார்கள். நாட்டில் மொத்தம் 3,000 கார்கூடக் கிடையாது. இவர்கள் அடித்தது ஏறக்குறைய 35,000 பிரதி, அத்தனையும் இலவசம். டயரை எப்படிக் கழற்றி மாட்டுவது, எந்த ஊரில் மெக்கானிக் இருக்கிறார், பெட்ரோல் எங்கே கிடைக்கும், இருட்டினால் எங்கே தங்கலாம் என்று வண்டிக்காரனுக்கு வழியில் என்ன வேண்டுமோ அது அதில் இருந்தது. தைரியமாகத் தூரம் போவான், போனால் டயர் தேயும், தேய்ந்தால் யாரிடம் வருவான்? செட்டியார் கணக்குத்தான். ஒரு கடையில் அந்தப் புத்தகங்களை அடுக்கி மேஜைக்கு முட்டுக் கொடுத்திருந்ததை அண்ணன் பார்த்துவிட்டாராம். சும்மா கொடுப்பதற்கு மரியாதை இல்லை என்று 1920 முதல் விலை வைத்தார்கள். அந்தக் கம்பெனியே சொல்லும் கதை இது. ஓட்டல்காரர்கள் நட்சத்திரம் வாங்கத் தவம் கிடக்கும் மிஷெலின் கைடு அதுதான். டயர் விற்க வந்த புத்தகம் என்பது இன்று பலருக்குத் தெரியாது.

இனி உங்கள் கல்லாவுக்கு வருவோம். 14 வருடத்தில் எத்தனை ஆயிரம் பேர் வந்து, "ஏனுங்ணா, கடைசித் தென்னைக்குத் தண்ணியே வரமாட்டேங்குது" என்று நின்றிருப்பார்கள்? ஃபில்டர் அடைத்திருக்கிறதா, மர வரிசையோரம் ஓடும் லேட்டரல் ட்யூபை அளவுக்கு மேல் நீளமாக இழுத்துவிட்டார்களா, ட்யூப் முனையை மூடும் எண்ட் கேப்பைத் திறந்து கழுவி எத்தனை மாதம் ஆயிற்று என்று நாலு கேள்வி கேட்டே நீங்கள் கோளாறைச் சொல்லிவிடுவீர்கள். அந்த நாலு கேள்விதான் ஓர் அத்தியாயம். உப்புத் தண்ணீரில் டிரிப்பர், அதாவது தண்ணீர் சொட்டும் துளை, ஏன் அடைக்கிறது, அந்த உப்பைக் கரைக்க ஆசிட் எப்போது விடுவது, எப்போது விடக் கூடாது என்பது இன்னொன்று. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் தண்ணீரின் அழுத்தம் காட்டும் இரண்டு பிரஷர் கேஜை யாருமே பார்ப்பதில்லை என்று உங்களுக்கு எரிச்சல் இருக்குமே, அந்த எரிச்சலோடு எழுதினால் பத்துப் பக்கம் தானாக ஓடும். அணில் ட்யூபைக் கடிப்பது தாகத்துக்கா, பல் ஊறலுக்கா என்ற பஞ்சாயத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.

"இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டால் என்னிடம் யார் வருவார்கள்?" என்ற பயம் அடிமனதில் இருக்கிறது. கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, 40 பக்கத்தில் பாசனம் பற்றி ஒரு வரிகூட இல்லாததிலிருந்து தெரிகிறது. ஃபில்டர் கழுவக் கற்றுக்கொண்டவர் ஃபில்டர் செய்யக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. உங்களிடம்தான் வாங்குவார்.

எழுதும் வேலைக்கு வருவோம். டெம்மி என்ற புத்தக அளவில் ஒரு பாரத்துக்கு, அதாவது அச்சில் ஒன்றாக மடிக்கும் ஒரு கட்டுக்கு, 16 பக்கம், ஆறு பாரம் போட்டால் 96 பக்கம். விவசாயி கையில் எடுத்துப் படிக்க அது தாராளம். பக்கத்துக்கு 200 சொல் என்றால் மொத்தம் 19,200. நாளுக்கு 150 சொல் எழுதினால் 128 நாள். 150 சொல் என்பது ஒரு வாடிக்கையாளருக்கு நின்றபடியே சொல்லும் பதில். பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வையுங்கள். அன்றைக்கு வந்த கேள்வியை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே குறியுங்கள். ராத்திரி கடை சாத்துமுன் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். விடியற்காலையெல்லாம் எல்லாருக்கும் ஒத்துவராது. ஆண்டனி டிரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் இலாகா உத்தியோகத்தில் இருந்துகொண்டே, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று விடிகாலையில் எழுதினவர். அவரே தன்னை எழுப்பிவிட வேலைக்காரருக்கு வருடம் 5 பவுண்டு தனியாகக் கொடுத்தார். உற்சாகத்தை அவரும் நம்பவில்லை என்று தெரிகிறது.

ஆள் வைப்பது பற்றி: தட்டச்சு செய்ய, பிழை திருத்த வையுங்கள், தப்பில்லை. எழுத வரவில்லையென்றால் போனில் பேசிப் பதிவு செய்து கொடுங்கள். ஆனால் பதில் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். கூலிக்கு எழுதுகிறவருக்குப் பொள்ளாச்சித் தண்ணீரின் உப்பு தெரியாது, 'நீரின்றி அமையாது உலகு' என்று ஆரம்பித்துவிடுவார்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு அரசு தரும் மானியம் பற்றி எழுதும்போது மட்டும் ஜாக்கிரதை. சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம், சிட்டா, அடங்கல், சான்றிதழ் என்று இன்றைக்கு அச்சடித்தால் விதி மாறும்போது புத்தகம் பழசாகிவிடும். அதைத் தனித் தாளில் அடித்து உள்ளே செருகுங்கள், வருடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம்.

அந்த 40 பக்கத்தைப் பின்னட்டைக்கு எட்டு வரியாகச் சுருக்குங்கள். ஷீல்டு போட்டோ கடையிலேயே இருக்கட்டும், காலண்டருக்குப் பக்கத்தில்.