ஸ்லோ குக்கர் கோழிக்கறி தண்ணீராகிப் பால் திரிந்தது பற்றி

நீங்கள் செய்ததுபோல 1 கிலோ கோழிக்கு 2 கப் தேங்காய்ப்பாலை முதலிலேயே விட்டு 8 மணித்தியாலம் வைத்தால் திரியாமல் என்ன செய்யும்? ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் மெதுவாகச் சமைக்கும் மின்சட்டி) ஆவி பெரிதாய் வெளியேறாது, கோழியும் தண்ணீர் விடும். அரைக் கப் தண்ணீரே தாராளம்.

முதலில் தாச்சியில் வெங்காயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, ரம்பை (வாசனை இலை) தாளித்து, 3 மேசைக்கரண்டி யாழ்ப்பாணக் கறித்தூளையும் ஒரு நிமிடம் பிரட்டுங்கோ. இதைச் செய்யாமல் விட்டால் தூள் பச்சையாய் மணக்கும். குக்கர் சூடு அதற்குக் காணாது. உருளைக்கிழங்கு அடியில், எலும்போடு தொடைத்துண்டு மேலே. நெஞ்சுத்துண்டு என்றால் சக்கைதான். உறைந்த கோழி போடவே வேண்டாம்.

'லோ'வில் (குறைந்த சூடு) 5 மணித்தியாலம், மூடி திறக்காமல். கட்டித் தேங்காய்ப்பால் அரைக் கப், கடைசி 20 நிமிடத்தில். பிறகும் தண்ணீராக இருந்தால், கோழியை எடுத்துவைத்துக் குழம்பை மட்டும் தாச்சியில் வற்றவிடுங்கோ. தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு) இறக்கினபிறகு.