பயறைத் தின்பது பறக்கிற வண்டு அல்ல!

கேள்வி: சம்பா அறுப்புக்கு முன் தெளித்த பச்சைப்பயறு பங்குனியில் 2 மூட்டை கண்டது. அப்போது விலை இல்லை. பிள்ளைகளுக்கும் ஆச்சு, ஆடியில் விற்றுக் கைச்செலவுக்கும் ஆச்சு என்று வேப்பிலை போட்டுச் சாக்கில் கட்டி வைத்தேன். அவிழ்த்தால் பாதிக்கு மேல் ஓட்டை. அடுத்த முறை மாத்திரை போட்டு வை என்கிறார்கள். போடலாமா? - வாசகி, நீடாமங்கலம்

பதில்: வேண்டாம் தாயே. அவர்கள் சொல்வது அலுமினியம் பாஸ்பைடு. அதிலிருந்து கிளம்பும் வாயு வண்டையும் கொல்லும், அதே அறையில் படுத்திருக்கும் ஆளையும் கொல்லும். உரிமம் பெற்றவர்கள் கிடங்கில் பயன்படுத்துகிற சரக்கு அது.

உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியும். நானும் ஒரு வருஷம் இப்படி மூட்டையோடு தொலைத்தவன். அடுத்த பங்குனியில் வண்டுக்குப் பயந்து களத்திலேயே வியாபாரி கேட்ட விலைக்குப் போட்டேன். ஆவணியில் அதே பயறைக் கடையில் படி கணக்கில் வாங்கிச் சாப்பிட்டோம்!

வண்டு வீட்டில் வந்து ஏறியதாக நினைக்கிறோம். வயலில் காய் முற்றும்போதே அது முட்டை வைத்துவிடுகிறது. ஒரு கைப்பிடி பயறை வெளிச்சத்தில் பாருங்கள்: பச்சைத் தோல்மேல் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும். அதுதான் முட்டை. பொரிக்கிற புழு நேரே பயறுக்குள் துளைத்துப் போய்த் தின்னும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். சாக்கில் பறக்கிற வண்டு எதையும் தின்பதில்லை, அடுத்த முட்டையை வைப்பதோடு சரி. உள்ளே இருக்கிற புழுவை வேப்பிலை என்ன செய்யும்?

ஆக, அறுத்த கையோடு வேலை முடிய வேண்டும். பல்லில் வைத்துக் கடித்தால் 'கடக்' என்று உடையும்வரை காயப்போடுங்கள். நசுங்கினால் இன்னும் ஈரம். கடைசி நாள் உச்சிவெயிலில் கறுப்புத் தார்ப்பாய்மேல் மெல்லிசாகப் பரப்பி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி, ஓரமெல்லாம் கல் வையுங்கள். 2, 3 மணி நேரச் சூட்டில் முட்டையும் புழுவும் செத்துவிடும். நன்றாக ஆறிய பிறகே கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

கேமரூன் நாட்டுக் காராமணிக்கும் இந்த வண்டுதான் எமன். 1980களின் கடைசியில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் அங்கே வேலை செய்துதான் மூன்றடுக்குப் பையைக் கொண்டுவந்தார்கள். உள்ளே கனமான பாலித்தீன் பை இரண்டு, வெளியே சாக்கு. காற்று இல்லாமல் பூச்சி அடங்கிவிடும். உங்களுக்கு அது கிடைக்காவிட்டால், இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் வாய்வரை நிரப்புங்கள். பாதி டிரம் காலியாக இருந்தால் பலனில்லை. வீட்டுச் செலவுக்கானதைத் தனி டப்பாவில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுண்டலுக்கு ஒரு படி எடுக்கும்போதெல்லாம் டிரம் மூச்சு வாங்கிக்கொள்ளும்.