மரபணு ஆலோசகரைப் பார்க்கப் போனால் “குழந்தை வேண்டாம்” என்று சொல்லிவிடுவார்களா?

சொல்ல மாட்டார்கள். இரண்டு முறை கரு கலைந்துவிட்டது, ரத்தப் பரிசோதனையில் 14ஆம் குரோமோசோமும் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) 21ஆம் குரோமோசோமும் ஒட்டியிருப்பதாக வந்திருக்கிறது, ஆலோசகரிடம் போகவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே 14, அதே 21தான். சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறேன். மூன்று முறை கரு தங்காமல் போன பிறகுதான் தெரிய வந்தது.

முதல் நாள் ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கலைந்த கருவுக்குச் சின்ன முக்கோணம். என் வட்டத்துக்குக் கீழே மூன்று முக்கோணங்கள். துணைக்கு வந்திருந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எனக்கும் ரெண்டு போடுங்க” என்றார். முப்பது வருடமாக அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம். பிறகு அம்மாவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இதே ஒட்டு.

பொதுவாக எல்லாருக்கும் குரோமோசோம் 46. நமக்கு எண்ணினால் 45 வரும். இரண்டு சேர்ந்து ஒன்றாக நிற்கிறது, அவ்வளவுதான். ஒட்டும்போது விட்டுப்போகும் சிறு துண்டுகளில் உள்ளது மற்ற குரோமோசோம்களிலும் இருப்பதால் நம் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கருமுட்டை உருவாகிப் பங்கு பிரியும்போதுதான் சிக்கல். சில நேரம் சரியாகப் பிரியும், சில நேரம் ஒன்றில் கூடிவிடும், ஒன்றில் குறைந்துவிடும். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் நிற்காது. 21 ஒன்று கூடினால் மட்டும் குழந்தை பிறக்கலாம். அதுதான் டவுன் சின்ட்ரோம், வளர்ச்சியும் அறிவுத்திறனும் பின்தங்கும் பிறவி நிலை. ஒட்டு தாயிடம் இருந்தால் அதற்கு நூற்றில் 10 முதல் 15 வரை வாய்ப்பு, தந்தையிடம் இருந்தால் மிகக் குறைவு. நீங்கள் பப்பாளி சாப்பிட்டதாலோ, எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போனதாலோ வந்ததில்லை. இதை உங்கள் மாமியாரும் கேட்கட்டும், கூட அழைத்துப் போங்கள்.

ஆலோசகர் எங்கள் முன் வைத்த வழிகள் இரண்டு. சோதனைக்குழாய் முறையில் உருவாக்கிய கருவைச் சோதித்துவிட்டுக் கருப்பையில் வைப்பது. சிங்கப்பூரில் 2021 மே முதல் இது வழக்கமான சிகிச்சையாகவே கிடைக்கிறது. இல்லையென்றால் இயற்கையாகக் கருத்தரித்து, 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவையோ, 15 வாரம் ஆன பிறகு பனிக்குட நீரையோ எடுத்துப் பார்ப்பது. இப்படி எடுக்கும் இரண்டு பரிசோதனைக்கும் சிறிய அளவில் கரு கலையும் அபாயம் உண்டு, அதையும் மறைக்காமல் சொன்னார். பத்தாவது வாரம் எடுக்கும் ரத்தப் பரிசோதனை போதாதா என்று கேட்டேன். அது சந்தேகத்தைத் தான் காட்டும், உறுதி சொல்லாது என்றார். எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது எனக்கு அது கோபமாகக்கூட இருந்தது. இன்று அதற்காகவே நன்றி சொல்கிறேன்.

நாங்கள் இரண்டாவது வழியில் போனோம். பதினாறாவது வாரம் பனிக்குட நீர் எடுத்தார்கள். ஊசி சில நிமிடம். முடிவுக்குக் காத்திருந்த இரண்டு வாரம்தான் தாங்க முடியவில்லை. மகளுக்கு 45, என்னைப் போலவே. இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள்.

போவதற்கு முன் அம்மா, பெரியம்மா, சித்தி எல்லாரிடமும் தனித்தனியாகக் கேட்டு வையுங்கள், கூட்டமாக இருக்கும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம், கூடப் பிறந்தவர்களிடம் மறைக்காதீர்கள். என் தங்கைக்கு 46 என்று வந்தது. தம்பிக்கு 45. நிச்சயத்துக்கு முன்னால் பெண்ணிடம் அவனே போய்ச் சொன்னான். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து அதே ஆலோசகரைப் பார்த்தார்கள்.