உருண்டை ஏன் தட்டையாகிறது?

கேள்வி: பிள்ளைகளோடு சேர்ந்து, அடுப்பே இல்லாமல் தேங்காய், கண்டென்ஸ்டு மில்க் கலந்து உருண்டை பிடித்தோம். கையெல்லாம் ஒட்டியது, தட்டில் வைத்ததும் தட்டையாகிவிட்டது. ஏன்?

பதில்: பச்சைத் தேங்காயைத் துருவிப் போட்டிருப்பீர்கள், அதன் ஈரம்தான் காரணம். உலர்ந்த தேங்காய்த் துருவல் 150 கிராமுக்குக் கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம் போதும். ஒரு சிட்டிகை உப்பு திகட்டலைக் குறைக்கும். கிளறியதும் பிடிக்காதீர்கள். துருவல் ஈரத்தை இழுக்க நேரம் வேண்டும். மூடி, ஃபிரிட்ஜில் 30 நிமிடம் வையுங்கள். பிள்ளைகள் பொறுக்கமாட்டார்கள்தான், அதற்குள் உருண்டையைப் புரட்டத் தட்டில் துருவலைப் பரப்பச் சொல்லுங்கள். பிறகும் தளர்வாக இருந்தால் பால் பவுடரை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேருங்கள். மொத்தமாகக் கொட்டினால் உருண்டை வறண்டு விரிசல் விடும். உள்ளங்கையை லேசாக நனைத்து, பெரிய கோலிக்குண்டு அளவில் சட்டென்று உருட்டுங்கள்; கைச்சூட்டில் இளகும். காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும், பிள்ளைகள் விட்டுவைத்தால்!