காலித் தோட்டா ஓடுகளை மறுபடி நிரப்பலாமா? துப்பாக்கி சுடுதல் பழகுறவங்களுக்குக் கேள்வி பதில்

கோயமுத்தூர்ப் பக்கம் ரேஞ்சில் நின்னு நின்னு கால் மரத்துப்போன ஆளுங்க நான். ஞாயித்துக்கிழமை நீங்க அனுப்பிய கேள்விகளில் பாதி ஒரே விசயம்: தோட்டா நிரப்புறது. அதையே முதல்ல எடுத்துக்குவோம்.

கேள்வி (பல்லடம்): வெளிநாட்டு வீடியோவில் சுட்ட தோட்டா ஓடுகளையே மறுபடி நிரப்பிச் சுடுறாங்க. நம்ம வீட்டுல செய்யலாங்களா?

பதில்: செய்யக்கூடாதுங்க. 1959ஆம் வருச ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேணும். துப்பாக்கி வெச்சுக்க லைசென்ஸ் இருந்தாலும் அது இதுக்குச் செல்லாது.

அவங்க என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கிறதுல தப்பில்லை. தோட்டாவில் நாலு பொருள்: பித்தளை ஓடு, அடியில் கேப்பு (ஊசி தட்டினதும் பொறி கிளப்பி மருந்தைப் பத்தவைக்கிற சின்ன மூடி), உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டதும் கேப்பும் மருந்தும் தீர்ந்துடும், குண்டு போயிடும், ஓடு மிஞ்சும். வெடிக்கும்போது அது கொஞ்சம் விரியும். அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பு போட்டு, மருந்தை நிறுத்துக் கொட்டி, குண்டைப் பொருத்துவாங்க. மருந்தை கிரெயினில் நிறுப்பாங்க. ஒரு கிரெயின் 65 மில்லிகிராம். தங்கப் பட்டறை ஆசாரிக்குச் சொன்னா குன்றிமணியில் சுமாராப் பாதின்னு புரிஞ்சுக்குவார். கை தவறி ரெண்டு மடங்கு விழுந்தா பேரலே (துப்பாக்கிக் குழல்) பிளந்துடலாம்.

கேள்வி (கோபி): .22 (0.22 அங்குலத் தோட்டா) ஓடு ஒரு டப்பா நிறைய சேத்து வெச்சிருக்கேன். பிரயோசனம் உண்டா?

பதில்: பழைய பித்தளைக் கடைக்குத்தானுங்க. அதுல தனிக் கேப்பே கிடையாது. தீப்பிடிக்கிற மருந்து ஓட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும், ஊசி அந்த விளிம்பைத்தான் நசுக்கும். ஒருதரம் நசுங்கினா அவ்வளவுதான். 50 மீட்டர் ரைஃபிள் போட்டி முழுக்க இந்தத் தோட்டாதான். அதனால அந்தப் பக்கம் நிரப்புற பேச்சே வராது.

கேள்வி (ஈரோடு): புள்ளைக்குப் பன்னெண்டு வயசு. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகணும்ங்கிறா. எதை வாங்கலாம்?

பதில்: இப்ப ஒண்ணும் வாங்காதீங்கம்மா. கிளப் துப்பாக்கியிலேயே சில மாசம் போகட்டும். போட்டி ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். வளர்ற புள்ள தோளுக்கு அது பாரம். பெல்லட்டே (ஏர் ரைஃபிளுக்கான ஈயக் குண்டு) இல்லாம விசையை மட்டும் அழுத்திப் பழகுறதுதான் முதல் பாடம். புள்ளைக்குச் சலிப்பாத்தான் இருக்கும், விட்டுடாதீங்க.

குழல் அளவு 4.5 மி.மீ., குண்டு வெளியேறுற சக்தி 20 ஜூல், இதுக்குள்ள இருக்கிற ஏர் கன்னுக்கு 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம். பழசு வாங்குனா காற்று சிலிண்டர்ல பொறிச்ச தேதியைப் பாருங்க. பொதுவா பத்து வருசந்தான் ஆயுசு. பளபளன்னு இருந்தாலும் தேதி தாண்டினதை வாங்காதீங்க.

கேள்வி (திருப்பூர்): பெல்லட்டில் அப்படி என்ன வித்தியாசம்? எல்லாம் ஈயந்தானே?

பதில்: நல்ல கேள்வி. தோட்டா நிரப்புற ஆசை இருக்கிறவங்க அந்த நுணுக்கத்தை எல்லாம் இங்க காட்டலாம். ஏர் ரைஃபிள் இலக்கில் பத்து மதிப்பெண் தர்ற நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர்தான், பேனா முனை மாதிரி. பெல்லட் தலை 4.49, 4.50, 4.51 மி.மீ.ன்னு மயிரிழைக் கணக்கில் மாறும். எது உங்க பேரலுக்குப் பிடிக்கும்னு நான் சொல்ல முடியாது, பேரல்தான் சொல்லணும். துப்பாக்கியை அசையாம இறுக்கி வெச்சு, ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்து சுடுங்க. எந்த அளவுல ஓட்டைகள் நெருங்கி விழுதோ அதே லாட் நம்பர்ல (ஒரே தடவையில் தயாரிச்ச தொகுதியோட எண்) மொத்தமா வாங்கி வெச்சுக்குங்க.

ஈயம் மெத்து. ஒருதரம் டப்பாவைக் கீழே போட்டுட்டு, பொறுக்கி எடுத்து அதையே போட்டியில் சுட்டேன். அன்னைக்கு வந்த ஸ்கோரை வீட்டுல சொல்லவே இல்லை. பின் விளிம்பு நசுங்கினதை யோசிக்காம ஒதுக்குங்க. பெல்லட்டை வாயில் கவ்வுற பழக்கம் வேண்டாம். சாப்பிடும் முன்னே சோப்பு போட்டுக் கை கழுவுங்க.

கேள்வி (சத்தியமங்கலம்): மக்காச்சோளக் காட்டை பன்னியும் மயிலும் அழிக்குது. ஏர் கன் போதுங்களா?

பதில்: வயித்தெரிச்சல் புரியுதுங்க, எங்க காட்டுலயும் அதே கதைதான். ஆனா மயில் மேல பெல்லட் பட்டா 1972 வனவிலங்குச் சட்டம் உங்க மேல பாயும். பன்னிக்கு அது காயத்தை மட்டும் கொடுக்கும், காயம்பட்ட பன்னி ஆளைத் தாக்கும். அவுட்டுக்காய் (தீனிக்குள்ள வெடிமருந்து ஒளிச்சு வைக்கிறது) பக்கம் போகவே வேண்டாம். பன்னிக்கு வெச்சதைக் கடிச்சு வாய் சிதைஞ்சு செத்த யானைகள் நம்ம மலையடிவாரத்திலேயே உண்டு. சேதத்தைப் படம் எடுத்து வனத்துறையில் நிவாரணத்துக்கு மனு கொடுங்க.