கரும்பு இழைய வளர்ப்பு: கேட்டதும் சொன்னதும்

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் பல வருடம் கரும்புக் கன்றுப் போத்தல்களோடு மல்லுக்கட்டியவன் நான். இழைய வளர்ப்பு என்றால் செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத போத்தலில், சத்துக் களியில் வைத்துக் கன்றாக்குவது. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வாங்கிய கரும்பு மிச்சம் கிடக்கிறது. வெள்ளவத்தை பல்கனியில் இழைய வளர்ப்பு செய்து பார்க்கலாமா அண்ணா?

எதற்கு? பருவுள்ள ஒரு கணுத் துண்டை ஈர மண்ணில் படுக்க வையுங்கள், சில கிழமையில் முளைத்துவிடும். ஆயிரக்கணக்கில் கன்று வேண்டும், அதுவும் நோயில்லாமல் வேண்டும் என்றால்தான் ஆய்வுகூடம்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். நோய் பிடித்த கரும்பிலிருந்து நோயில்லாத கன்று எப்படி வரும்?

நல்ல கேள்வி தங்கச்சி. குருத்தின் உச்சியில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான பிரியிழையத்தில், அதாவது கலங்கள் பிரிந்து பெருகும் இடத்தில், காழோ (நீர் கடத்தும் குழாய்) உரியமோ (உணவு கடத்தும் குழாய்) இன்னும் உருவாகியிருக்காது. இலையை வெளுக்கவைக்கும் வெள்ளை இலை நோயைத் தருவது பைற்றோபிளாஸ்மா என்ற பற்றீரியா வகை நுண்ணுயிர், அது உரியத்தில்தான் வாழும், அதனால் அங்கே எட்டாது. வைரசும் அங்கே குறைவு. அந்த நுனியை மட்டும் நுணுக்குக்காட்டியின் கீழ் வெட்டி எடுக்கிறோம். பெரிதாக வெட்டினால் நோயும் கூடவே வரும். மிகச் சிறிதாக வெட்டினால் நுனி பிழைக்காது.

நான் கொட்டாஞ்சேனையில், காணி மொனராகலையில். இந்தக் கன்றை நட்டால் வெள்ளை இலை திரும்ப வராதா?

வரும் ஐயா. கன்று சுத்தமானதுதான், ஆனால் அதற்கு நோயெதிர்ப்பு கிடையாது. பக்கத்துக் காணியில் நோய் இருந்தால் தத்துப்பூச்சி கொண்டுவந்து சேர்க்கும். "போத்தல் கன்றுக்கு நோயே வராது" என்று விற்பவரை நம்பாதீர்கள். கன்றைத் தனி நாற்றுமேடையில் பெருக்கி, அதில் வெட்டும் கரணையை வயலுக்குக் கொண்டுபோவதுதான் கட்டுப்படியாகும். நோய்ப் பற்றையைக் கண்டால் உடனே வேரோடு பிடுங்குங்கள். உடவளவையில் கரும்பு ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது, அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் கூடத்தில் நுனி வைத்த போத்தலெல்லாம் பழுப்பாகிறது. பங்கசா?

பங்கசு என்றால் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படரும். பற்றீரியா என்றால் அடியில் பால் கசிந்த மாதிரி இருக்கும். உங்களுடையது பீனோல், வெட்டின இடத்தில் கசிந்து காற்றுப் பட்டுக் கறுக்கும் பொருள். கரும்புக்கு இது பிறவிக் குணம். வெட்டின இடத்தைச் சுற்றி ஏகார் (சத்தும் சீனியும் கலந்த களி ஊடகம்) முதலில் பிளேன்டி நிறமாகும், அப்புறம் கறுக்கும், நுனி தன் கசிவிலேயே செத்துப்போகும். வெட்டியதும் அஸ்கோர்பிக் அமிலமும் சித்திரிக் அமிலமும் கலந்த நீரில் அலசுங்கள். முதல் சில நாள் இருட்டில் வையுங்கள். முக்கியமாக, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். நானும் ஆரம்பத்தில் சோம்பல்பட்டு ஒரு கிழமை விட்டேன். தட்டு முழுக்கக் கறுப்பு.

பங்கசு பிடித்த போத்தலை மட்டும் திறக்கவே வேண்டாம். மூடியபடியே ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) 121 பாகை செல்சியசில் அவித்துவிட்டுக் கழுவுங்கள்.

எல்லாக் கன்றும் தாய் மாதிரியே இருக்குமா?

நுனியிலிருந்து நேரே கிளைத்தவை பெரும்பாலும் அப்படியே. உருவமில்லாத இழையத் திரள் வழியாக வந்தவற்றில் மாறுதல் கூடும்.

வேர் விட்ட கன்றை வெளியே வைத்தால் வாடிவிடுகிறதே?

போத்தலுக்குள் ஈரத்திலேயே வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு குறைவு, இலைவாயும் (இலையிலுள்ள நுண்துளை) சரியாக மூடாது. ஒட்டியிருக்கும் ஏகாரை நன்றாகக் கழுவி நடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சீனிக்கே பங்கசு வரும். பொலித்தீன் கூடாரத்தில் நிழலில் வைத்து, நாலைந்து கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விடுங்கள்.