முதல் சைக்கிள் ரோடு ரேஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 26. தனியாக ஓட்டினால் 40 கி.மீ. தூரத்தை மணிக்கு 30 கி.மீ. சராசரியில் முடிக்கிறேன். ஆனால் முதல் ரேஸில் ஐந்தாவது கிலோமீட்டரிலேயே கூட்டம் என்னை விட்டுப் போய்விட்டது. கார்பன் சைக்கிள் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: உங்கள் கால் போதும், இப்போதுள்ள சைக்கிளும் போதும். கூட்டத்தில் எந்த இடத்தில் ஓட்டினீர்கள் என்பதில்தான் குறை. சமதரையில் 35 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் நம் பலத்தில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். இடைவெளி இரண்டு மூன்று சைக்கிள் நீளமானால் அந்த லாபம் மளமளவென்று குறையும். புதியவர்கள் பயந்துபோய் விடுவது அந்த இடைவெளியைத்தான்.

கடைசியில் ஒதுங்கிக்கொள்வதும் பாதுகாப்பல்ல. திருப்பத்தில் முன்வரிசை லேசாக வேகம் குறைத்தாலே கடைசி வரிசை பிரேக் பிடிக்க வேண்டிவரும். கடைசி ஆள் திருப்பத்திலிருந்து வெளியே வருவதற்குள் முன்னால் இருப்பவர்கள் வேகமெடுத்திருப்பார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் முழு மூச்சாக மிதித்துத்தான் ஒட்ட முடியும். அப்படிப் பத்துத் திருப்பம் வந்தால் கால் காலி. புறப்பட்டதிலிருந்தே கூட்டத்தின் முன்பக்க மூன்றில் ஒரு பங்குக்குள் இருங்கள்.

இதைத் தனியாகப் பழக முடியாது. நான்கு பேர் சேர்ந்து, விடிந்தவுடன், வண்டி குறைவாக ஓடும் கிராமச் சாலையில் ஓட்டுங்கள். முதலில் ஒரு மீட்டர் இடைவெளி. பழகியபின் அரை மீட்டர். முன்னால் உள்ள சக்கரத்தையே வெறித்துப் பார்க்காமல் அவர் தோளையும் அதைத் தாண்டிச் சாலையையும் பாருங்கள். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. அவர் சற்று விலகினால் சக்கரங்கள் உரசும். விழுவது பின்னால் இருப்பவர்தான். நெருங்கிவிட்டால் பிரேக்கைத் தொடாமல், மிதிப்பதை நிறுத்தி உடம்பை நிமிர்த்துங்கள். காற்றே வேகத்தைக் குறைத்துவிடும். முன்னால் போகும் முறை வந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள். கூட்டினால் வரிசை அறுந்துவிடும்.

வாரம் இரண்டு நாள் 30 விநாடி முழு பலத்தோடு, 30 விநாடி மெதுவாக என்று பத்து முறை ஓட்டுங்கள். ரேஸின் திடீர் வேகங்களுக்குக் கால் தயாராவது இதில்தான். ஒரே வேகத்தில் 40 கி.மீ. ஓட்டுவது இதைக் கற்றுத் தராது. ரேஸன்று 20 நிமிடம் வார்ம்-அப் செய்யுங்கள். குளிர்ந்த காலோடு புறப்படுகிறவர்களே முதல் சில கிலோமீட்டரில் உதிர்கிறார்கள்.

கேள்வி: டயரில் எவ்வளவு காற்று? போன மாதம் மட்டும் நான்கு பஞ்சர்.
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: 65 கிலோ எடையுள்ளவருக்கு, 25 மி.மீ. டயரில் முன்னால் 80, பின்னால் 85 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று தொடங்கலாம். 28 மி.மீ. என்றால் பத்துப் பதினைந்து குறைவாக. டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை அடிக்காதீர்கள். கல்லான டயர் நம் ஊர்ச் சாலையில் துள்ளும், திருப்பத்தில் பிடிப்பு போகும்.

பஞ்சரான டியூபைப் பாருங்கள். அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால், காற்று குறைந்து பள்ளத்தில் ரிம்மோடு நசுங்கியிருக்கிறது. ஒரே ஓட்டை என்றால் பெரும்பாலும் முள். சீமைக் கருவேல முள் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அடுத்த கிலோமீட்டரில் அதுவும் போகும். டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் தடவுங்கள். முள் இருந்தால் துணி மாட்டும். புது டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவு காற்று விட்டு உள்ளே வையுங்கள். டயரின் கடைசிப் பகுதியை டயர் கழற்றும் லீவரால் நெம்பாமல் கட்டைவிரலால் தள்ளி ஏற்றுங்கள். லீவர் டியூபைக் கடித்துவிடும்.

கேள்வி: மலை இறக்கம் பழக ஒகேனக்கல் பாதை சரியா, தொப்பூர் சரியா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: தொப்பூர் கணவாய் வேண்டவே வேண்டாம். சரிவில் லாரிகள் பிரேக் இழந்து மோதும் விபத்துகள் அங்கே தொடர்ந்து நடக்கின்றன. ஒகேனக்கல் இறக்கத்துக்குப் பேருந்துக் கூட்டம் வருமுன், விடிந்த வெளிச்சத்தில் போங்கள். குரங்குகள் குறுக்கே பாயும்.

திருப்பத்துக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். திருப்பத்துக்குள் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். கை ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் இருக்கட்டும். வெளிப்பக்கப் பெடலைக் கீழே இறக்கி அதன்மேல் எடையைப் போடுங்கள். பார்வை திருப்பம் முடியும் இடத்தில் இருக்கட்டும். நடுக்கோட்டைத் தாண்டாமல் பழகுங்கள். எதிரே வண்டி வரும் சாலையில் உயிருக்கே ஆபத்து, ரேஸிலும் பல இடங்களில் தகுதி நீக்கம்.

கேள்வி: ரேஸின்போது என்ன சாப்பிடுவது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: ஒரு மணி நேரத்துக்குள் முடிவதென்றால் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். 750 மி.லி. பாட்டிலில் மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சைச் சாறு கலந்தால் கிட்டத்தட்ட 40 கிராம் கிடைக்கும். கடலை மிட்டாயை ரேஸ் முடிந்தபின் சாப்பிடுங்கள்; அதன் கொழுப்பு செரிக்க நேரமாகும்.

கேள்வி: 14 வயது மகன் அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டிக்குப் போக வேண்டும் என்கிறான். கியர் சைக்கிள் வாங்கித் தர வேண்டுமா?
– வாசகி, அரூர்

பதில்: வாங்காதீர்கள். செப்டம்பரில் மாவட்டந்தோறும் நடக்கும் அந்தப் போட்டிக்கு இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிள்தான். 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள். உங்கள் மகனின் பிரிவில் மாணவர்களுக்கு 20 கி.மீ. தலைமையாசிரியரிடம் வயதுச் சான்று வாங்கி வையுங்கள்.

முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் சீட்டைத் தாழ்த்தி ஓட்டி முழங்கால் வலியோடு வருகிறார்கள். பிரேக் பிடிக்காதபோது பிரேக் கட்டை ரிம்மில் உரசக் கூடாது. சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். வழிந்த எண்ணெயில் மண் ஒட்டி அரைக்கும்.